பச்சை உருண்டைகளும் பித்தப்பைக் கல்லும்

 

நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள். "சாப்பிட்டா நெஞ்சுக்குக் கீழ இறுக்குது, வாயு போல" என்று சொல்லும் உம்மாவோ அம்மாவோ ராத்தாவோ அக்காவோ உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

எங்களோடு படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் ஒரு நாள் ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு சின்னப் போத்தல் கொண்டுவந்தார். உள்ளே கச்சான் பருப்பு அளவில் பச்சைப் பச்சையாக உருண்டைகள். "பாருங்க, ஒப்பரேசன் இல்லாமலே எல்லாக் கல்லும் வந்துட்டு" என்றார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் ஸ்கேனில் அவருக்குப் பித்தப்பையில் கல் இருப்பது தெரிந்து, சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குத் தவணை கொடுத்திருந்தார்கள். அவர் போகவில்லை. சில நாள் அப்பிள் ஜூஸ் மட்டும் குடித்துவிட்டு, ஒரு இரவில் ஒலிவ் எண்ணெயும் தேசிக்காய்ப் புளியும் கிளாஸ் கிளாஸாகக் குடித்தார். காலையில் அந்த உருண்டைகள் வந்தன.

அந்தக் குறிப்பை வட்ஸ்அப் குரூப்பில் போட்டது எங்களில் ஒருவர்தான். மற்றவர்கள் "மாஷா அல்லாஹ்" என்றும் "சூப்பர் டீச்சர்" என்றும் போட்டோம். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள் நாங்கள். "இது என்ன, யார் பரிசோதித்துப் பார்த்தது?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அவருக்கு வலி வந்தது. கூடவே நடுக்கக் காய்ச்சல். மறுநாள் கண் மஞ்சள். "செங்கமாரி, கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடுங்க" என்று ஆளுக்கொரு கதை சொன்னதில் இரண்டு நாள் போய்விட்டது. கடைசியில் கொண்டுபோனபோது கல் பித்தக்குழாயில் இறங்கி அடைத்திருந்தது. கிருமியும் பரவத் தொடங்கியிருந்தது. ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, முதலில் குழாயிலிருந்த கல்லை எடுத்து, பிறகு பித்தப்பையை அகற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், இப்போது நலம். பெயர் போட வேண்டாம், ஆனால் எழுதுங்கள் என்று அவரே சொன்னதால்தான் எழுதுகிறோம்.

அந்தப் பச்சை உருண்டைகள் என்ன? இந்தக் கேள்விக்கு 2005ஆம் ஆண்டிலேயே விடை வந்துவிட்டது. நியூசிலாந்தில் 40 வயதுப் பெண் ஒருவர் இதே வைத்தியத்தைச் செய்திருந்தார். மாலை ஆறு மணிவரை அப்பிள், மரக்கறிச் சாறு மட்டும். பிறகு 600 மில்லிலீற்றர் ஒலிவ் எண்ணெயும் 300 மில்லிலீற்றர் எலுமிச்சைச் சாறும். வெளியே வந்த உருண்டைகளைப் பத்திரப்படுத்தி வைத்தியரிடம் கொண்டுபோனார். ஆய்வுகூடத்தில் பார்த்தபோது அவற்றில் கொலஸ்ட்ரோல் இல்லை, பித்த நிறப்பொருள் இல்லை, கல்சியமும் இல்லை. 40 பாகை செல்சியஸில் பத்து நிமிடத்தில் பச்சை எண்ணெயாக உருகிவிட்டன. முக்கால் பங்கு கொழுப்பமிலம். அதாவது, குடித்த எண்ணெய் குடலுக்குள் சவர்க்காரம் போலத் திரண்டு வந்திருக்கிறது. அவருடைய உண்மையான கற்கள் பித்தப்பையில் அப்படியே இருந்தன. பிறகு சத்திரசிகிச்சையில்தான் எடுத்தார்கள். 'லான்செட்' மருத்துவ இதழில் இது படத்தோடு வெளிவந்தது.

எங்கள் டீச்சரின் போத்தலையும் வெயிலில் வைத்திருந்தால் அன்றைக்கே விடை கிடைத்திருக்கும். கல் வெயிலில் உருகாது.

ஏன் நம் ஊரில் இந்தக் குறிப்புகள் இவ்வளவு இலகுவாக எடுபடுகின்றன? ஒரு காரணம், "கல்" என்ற ஒரே சொல். வன்னியில் சிறுநீரகக் கல்லைக் கேள்விப்படாத வீடு இல்லை. சிறிய சிறுநீரகக் கல் தண்ணீர் நிறையக் குடித்தால் சிறுநீரோடு போய்விடுவதுண்டு. வாழைத்தண்டு, நெருஞ்சில், பார்லி எல்லாம் அந்த அனுபவத்தில் வந்தவை. பித்தப்பை அந்தப் பாதையிலேயே இல்லை. அது ஈரலுக்குக் கீழே ஒட்டியிருக்கும் சின்னப் பை. ஈரல் சுரக்கும் பித்தத்தைச் சேர்த்து வைத்து, நாம் கொழுப்பு சாப்பிடும்போது சுருங்கிக் குடலுக்குள் விடும். எத்தனை போத்தல் தண்ணீர் குடித்தாலும் அங்கேயிருக்கும் கல்லைக் கழுவ முடியாது. சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைப்பதுபோல இதையும் உடைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதையும் செய்து பார்த்தார்கள். உடைந்த துண்டுகள் குழாயில் சிக்கலாம், பை இருக்கும்வரை புதுக் கல்லும் வரும் என்பதால் இப்போது அரிதாகவே செய்கிறார்கள்.

சரி, கல் இருந்தால் என்ன வழி? கல் என்றாலே ஒப்பரேசன் என்று பயப்படுவதும் பிழை, எண்ணெய் குடித்தால் போதும் என்று இருப்பதும் பிழை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப்போய்க் கல் தெரிகிறது, ஒரு நாளும் வலி வந்ததில்லை என்றால், பெரும்பாலும் ஒப்பரேசன் தேவையில்லை. இப்படி அமைதியாக இருக்கும் கற்கள் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு தருவதில்லை. வருடத்துக்கு நூறு பேரில் ஓரிருவர் முதல் நான்கு பேர்வரைதான் வலி தொடங்குகிறது. மிகப் பெரிய கல், பித்தப்பைச் சுவரில் கல்சியம் படிந்திருப்பது, சில இரத்த நோய்கள் போன்றவை விதிவிலக்கு. அதை வைத்தியர் பார்த்துச் சொல்வார்.

இரண்டாவது, கல்லைக் கரைக்கும் குளிசை. உர்சோடிஒக்சிகோலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. சிறிய, கல்சியம் படியாத கொலஸ்ட்ரோல் கல்லுக்கு மட்டும், நன்றாக வேலைசெய்யும் பித்தப்பையில் மட்டும் பலன் தரும். ஆறு மாதம் முதல் இரண்டு வருடம்வரை விடாமல் குடிக்க வேண்டும். கரைந்தாலும் ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மறுபடி கல் வருகிறது. சத்திரசிகிச்சை தாங்க முடியாதவர்களுக்கு இது ஒரு வழி. மற்றவர்களுக்குக் காசும் காலமும் செலவு.

மூன்றாவது, பித்தப்பையை அகற்றுவது. வலி ஒரு தடவை வந்துவிட்டால் திரும்பவும் வரும் வாய்ப்பு அதிகம். அதனால் வலி வந்தவர்களுக்கு உலகம் முழுக்க இதுதான் நிலையான சிகிச்சை. 1882 யூலையில் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்ற வைத்தியர் முதன்முதலில் செய்தார். கல்லை மட்டும் எடுத்துப் பையை விட்டுவைத்தால் திரும்பவும் கல் வரும் என்பது அவருடைய வாதம். இன்றைக்கும் அதே வாதம்தான். சின்னத் துளைகள் வழியாகக் கமராவை விட்டுச் செய்யும் லப்ரஸ்கோப்பி முறையை 1985இல் எரிக் மூஹ என்ற ஜெர்மன் வைத்தியர் தொடங்கினார். அவருடைய சக வைத்தியர்களே முதலில் அவரை ஏற்கவில்லை. 1992இல் அதே ஜெர்மன் சத்திரசிகிச்சைச் சங்கம் அவருக்கு விருது கொடுத்தது. இப்போது அதுதான் வழக்கமான முறை. வழக்கமாக நான்கு சிறு துளைகள். ஓரிரு நாளில் வீடு. ஒன்றிரண்டு கிழமையில் பெரும்பாலானோர் வேலைக்குத் திரும்புகிறார்கள். ஒட்டுதல், வீக்கம் அதிகமாக இருந்தால் நடுவில் வயிற்றைத் திறந்து செய்ய வேண்டி வரலாம். அப்படி மாறினால் அது வைத்தியரின் தோல்வி இல்லை, உங்கள் பாதுகாப்புக்காக எடுத்த முடிவு. திறந்த முறையில் ஆறுவதற்குக் கூடுதல் நாள் எடுக்கும். படகு தள்ளுகிறவர், வலை இழுக்கிறவர் என்றால் பாரம் தூக்க எத்தனை கிழமை பொறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. ஆயிரத்தில் சிலருக்குப் பித்தக்குழாயில் காயம் ஏற்படலாம். இதை மறைத்து எழுதினால் நாங்களும் அந்த வட்ஸ்அப் செய்தியைப் போலத்தான். ஆனால் தள்ளிப்போட்டு, வீங்கி, கிருமி பிடித்த பிறகு செய்தால் ஆபத்து இன்னும் கூடும்.

நான்காவது, கல் குழாய்க்குள் இறங்கிவிட்டால் ஈஆர்சிபி. வாய் வழியாகக் குழாயை விட்டுக் குடலுக்குள்ளிருந்து கல்லை எடுப்பது. இது எல்லா வைத்தியசாலையிலும் இல்லை, பெரிய இடங்களுக்கு அனுப்புவார்கள். பித்தப்பை இருந்தால் பிறகு அதையும் அகற்ற வேண்டி வரும். சத்திரசிகிச்சை தாங்க முடியாத அளவு நோயாளி தளர்ந்திருந்தால் ஊசிவழியாகப் பித்தப்பையை வடித்து நிலைமையைச் சமாளிப்பதும் உண்டு.

"பை இல்லாமல் எப்படி வாழ்வது?" என்று பலர் கேட்கிறார்கள். பித்தம் சுரப்பது ஈரலில். பை அதைச் சேர்த்து வைப்பது மட்டும்தான். பை போனால் பித்தம் நேராகக் குடலுக்குப் போகும். சிலருக்குச் சில காலம் வயிறு இளகும். பெரும்பாலானோர் வழமைபோலச் சாப்பிட்டு வாழ்கிறார்கள். எங்கள் டீச்சர் கடைசி வலீமாவில் எங்களோடு ஒரே சஹனில்தான் உட்கார்ந்தார்.

இந்தப் பதிவில் எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவது இனித்தான் வருகிறது. நம் ஊரில் ஆட்களைக் கெடுப்பது எண்ணெய்ப் போத்தல் மட்டும் அல்ல, தவணையைத் தவறவிடும் பழக்கமும்தான். பித்தப்பை வீங்கி வார்டில் சேர்கிறோம். சேலைன், ஊசி, மூன்று நான்கு நாளில் வலி போகிறது. "ஆறு கிழமையில் வாங்க, ஒப்பரேசனுக்கு நாள் தருவோம்" என்கிறார்கள். வலி போனதும் நோயும் போனது என்று நினைத்துக் கார்டை அலுமாரியில் வைத்துவிடுகிறோம். பிரித்தானியாவின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டல், வீங்கிய பித்தப்பையைக் கண்டுபிடித்த ஒரு கிழமைக்குள் அகற்றச் சொல்கிறது. நம் நாட்டில் தியேட்டர், மயக்க மருந்து வைத்தியர், கட்டில் எல்லாவற்றுக்கும் வரிசை. 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலையே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்ததை மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். இப்படி அரிதாகக் கிடைக்கிற தவணையை நாமே தவறவிட்டால், திரும்ப வரிசையின் கடைசியில்தான் நிற்போம். கல் அதுவரை காத்திருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இரண்டாவது விசயம் பெண்கள். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. கர்ப்ப காலங்களும் அதற்கு ஒரு காரணம். ஆனால் வீட்டில் கடைசியாக வைத்தியசாலைக்குப் போகிறவர்களும் அவர்கள்தான். "பிள்ளைகளுக்குச் சோதனை முடியட்டும்", "நோன்பு முடியட்டும்", "மகளின் கல்யாணம் முடியட்டும்." இடையில் பார்மசியில் ஒமிப்பிரசோல் வாங்கிக் "காஸ்" என்று குடித்துக்கொண்டே இருப்பார்கள். வலப்பக்க விலா எலும்புக்குக் கீழேயோ மேல்வயிற்றிலோ, எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு, அரை மணித்தியாலத்துக்கு மேலாக நின்று, முதுகுக்கோ வலத் தோளுக்கோ பரவும் வலி என்றால், காஸ் என்று முடிவெடுக்காமல் ஒரு ஸ்கேன் எடுங்கள். வயிற்றுக்கு மேலால் வைத்துப் பார்க்கும் அந்த ஸ்கேனில் நோவும் இல்லை, ஊசியும் இல்லை. நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் அது இதய நோயாகவும் இருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் வீட்டில் நிற்க வேண்டாம்.

எங்கள் முஸ்லிம் சகோதரிகளுக்குத் தனியாக ஒன்று. "ஆண் டொக்டர்தான் செய்வாராம்" என்று ஒப்பரேசனை விட்டவர்களை எங்களுக்குத் தெரியும். பெண் வைத்தியர் இருந்தால் கேளுங்கள். ஒரு பெண் தாதி கூட நிற்க வேண்டும் என்று கேளுங்கள். தேவையான இடத்தைத் தவிர மற்றதை மூடித்தான் செய்கிறார்கள். பெண் வைத்தியர் இல்லாத இடத்தில் உயிரைக் காக்கும் தேவைக்கு மார்க்கம் தடை போடவில்லை. சந்தேகம் என்றால் உங்கள் ஆலிமிடம் கேளுங்கள், ஆனால் ஒரு மாதம் கழித்து அல்ல, அன்றைக்கே. நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்ததும் அதே மார்க்கம்தான். வலி வந்துபோகிறவர்கள் றமழானுக்கு முன்பே வைத்தியரிடம் பேசிக்கொள்ளுங்கள். நோன்பு திறந்ததும் கஞ்சியோடு சமோசா, பெட்டிஸ், ரோல்ஸ் என்று பொரித்ததாகவே நிரப்புவது கல் உள்ளவருக்கு வலியைக் கூப்பிட்டு எடுப்பதற்குச் சமம்.

மூன்றாவது, மொழி. கார்டில் எழுதியிருப்பது ஆங்கிலம். வார்டில் வைத்தியர் பேசுவது பல நேரம் சிங்களம். கையெழுத்துப் போடுகிறவர் தமிழில் யோசிக்கிறவர். இடையில் என்ன செய்யப்போகிறார்கள் என்றே தெரியாமல் பயந்துபோய் "வீட்டுக்குப் போறோம்" என்று கையெழுத்து வைத்துவிட்டு வந்தவர்கள் நம்மிடையே உண்டு. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்துக் காட்டினார். இந்த நூற்றாண்டில் ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் தமிழில் விளக்கம் கேட்பது பெரிய கோரிக்கை இல்லை. தாதியிடம் கேளுங்கள், மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். இந்த நான்கு கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: என் கல் பையிலா குழாயிலா? இப்போதே செய்ய வேண்டுமா, பொறுக்கலாமா? எந்த முறை? பொறுத்தால் என்ன நடந்தால் உடனே வர வேண்டும்?

கடைசிக் கேள்விக்கு விடையை இங்கேயே எழுதுகிறோம். வலியோடு காய்ச்சல் அல்லது நடுக்கம், கண் மஞ்சள், தேயிலைச் சாயம்போலச் சிறுநீர், வெளிறிய மலம், விடாத வாந்தி, முதுகுவரை குத்தும் கடும் வலி. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலை. கண் மஞ்சளானால் அது கிருமியால் வந்த செங்கமாரியா, கல் அடைத்ததா என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது. கீழ்க்காய்நெல்லி அடைப்பை எடுக்காது. நாட்டு வைத்தியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நல்ல வைத்தியர், எந்த முறைக்காரராக இருந்தாலும், இந்த அறிகுறிகளைக் கண்டால் "உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றுதான் சொல்வார்.

கொக்கிளாயில் இருந்து "உடனே" என்பது சின்னச் சொல் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். வடக்கே நாயாறு, செம்மலை, அளம்பில் தாண்டி மாஞ்சோலை வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தெற்கே முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் புல்மோட்டை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் இடையில் தண்ணீர். படகு இல்லாத நேரம் சுற்றித்தான் போக வேண்டும். பாலம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு ஊர் களைத்துவிட்டது. பாலம் போக்குவரத்துக்கு மட்டுமல்ல, இப்படிப்பட்ட இரவுகளுக்கும்தான் என்பதை மனுக்களில் எழுத வேண்டும். அதுவரை 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், வடக்கில் 2018 முதல் ஓடுகிறது. வடக்கு முஸ்லிம்களாகிய எங்களுக்கு 1990 என்ற எண் வேறொரு நினைவு. அந்த வருட ஒக்டோபரில்தான் எங்கள் குடும்பங்கள் வீட்டைவிட்டுப் போனார்கள். கொக்கிளாய் மக்களுக்கு அதே நினைவு 1984. ஓடின நாட்களில் வைத்தியம் கிடைக்காமல் போனவர்களை இரண்டு பக்கமும் புதைத்திருக்கிறோம், எரித்திருக்கிறோம். இன்றைக்கு அந்த எண்ணை அழுத்தினால் உதவிக்கு வாகனம் வருகிறது. பயன்படுத்துவோம்.

எங்கள் கருத்து இதுதான். ஊரில் யாருக்காவது ஒப்பரேசன் என்றால் தனியார் வைத்தியசாலைக்கு இலட்சக்கணக்கில் காசு சேர்த்து முகநூலில் போடுகிறோம். நல்ல மனசுதான். ஆனால் பித்தப்பை ஒப்பரேசனை அரச வைத்தியசாலையில் இலவசமாகச் செய்யலாம். ஏழைக் குடும்பத்தைத் தடுப்பது பெரும்பாலும் ஓட்டோக் காசு, கூட நிற்க ஆள், வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஆள், இழந்த நாள் கூலி. பள்ளிவாசல், கோயில், தேவாலயம், மீனவர் சங்கம், மாதர் சங்கம் எல்லாம் சேர்ந்தால் இவ்வளவையும் சின்னக் காசில் செய்யலாம். தவணை உள்ளவர்களின் திகதியை ஒருவர் கொப்பியில் எழுதி வைத்து, முதல் நாள் ஞாபகப்படுத்தினாலே போதும். பாடசாலையில் வரவு எடுப்பது எங்கள் வேலை. யார் வரவில்லை என்று தேடிப் போவதும் எங்கள் வேலைதான். அந்தக் கொப்பியை எழுத ஆசிரியர்கள் நாங்கள் தயார்.

இன்னொன்றையும் செய்துவிட்டோம். எங்கள் குரூப்பில் அந்த எண்ணெய்க் குறிப்பைத் தேடிப் பிடித்து, "இது பிழை, எங்களை நம்பிச் செய்தவர்கள் தயவுசெய்து ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்" என்று அதற்குக் கீழேயே எழுதினோம். முன்னர் அனுப்பிய ஆட்களுக்கும் தனித்தனியாக அனுப்பினோம். வெட்கமாகத்தான் இருந்தது. நீங்கள் யாருக்காவது அனுப்பியிருந்தால் நீங்களும் அனுப்புங்கள்.

அலுமாரியில் கார்டை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே எடுத்துத் திகதியைப் பாருங்கள். கடந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, கிளினிக் நாளில் போய் நில்லுங்கள். ஏசினாலும் பார்க்காமல் அனுப்ப மாட்டார்கள். கூட வர ஆள் இல்லாவிட்டால் எங்களுக்குச் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஆரோக்கியத்தையும், நோய் வந்தால் சரியான நேரத்தில் சரியான இடத்துக்குப் போகும் புத்தியையும் தருவானாக. ஆமீன்.